அவாங்கார்ட் கோட்டு: முதன்முறையாக வாங்கி அணிபவருக்கு ஒரு வழிகாட்டி

ஆண்கள் கோட்டுக்கென்று ஓர் இலக்கணம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. தோள் தையல் தோளெலும்பின் விளிம்பில் நிற்க வேண்டும். மார்பில் துணி படிந்து, இடுப்பில் சற்றே பிடித்து, அதற்குக் கீழே மெல்ல விரிய வேண்டும். ஸ்லீவின் விளிம்புக்கு வெளியே சட்டையின் கைப்பட்டி அரை அங்குலம் தெரிய வேண்டும். மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் குதிரை மயிர் கலந்து நெய்த கேன்வாஸையும் தோளில் பேடையும் வைத்து, அணிபவரின் உடம்பு எப்படி இருந்தாலும் கோட்டு தன் வடிவத்திலேயே நிற்கும்படி தைப்பார்கள். இந்த இலக்கணத்தை முழுவதும் கற்றுத் தேர்ந்த பின் அதை வேண்டுமென்றே மீறியவர்கள் தைத்தவையே இங்கே நாம் பேசப்போகும் அவாங்கார்ட் கோட்டுகள்.

1981-இல் தோக்கியோவிலிருந்து வடிவமைப்பாளர்கள் ரெய் கவாகுபோவும் யோஜி யமமோதோவும் பாரிஸுக்கு வந்து, கறுப்பாகவும் தளர்வாகவும் ஓரங்கள் ஒழுங்கற்றும் இருந்த தங்கள் உடைகளைக் காட்டியபோது ஐரோப்பியப் பத்திரிகைகள் பல முகம் சுளித்தன. மூன்று ஆண்டுகள் கழித்து இருவரும் ஆண்கள் உடைகளையும் அங்கே கொண்டுவந்தார்கள். 1986-இல் ஆன்ட்வெர்ப் கலைக்கழகத்தில் படித்த ஆறு பெல்ஜிய இளைஞர்கள் லண்டன் கண்காட்சிக்குத் தங்கள் உடைகளை எடுத்துச் சென்று பெயர் பெற்றார்கள்; அதே கழகத்தில் படித்த மார்ட்டின் மார்ஜெலா 1988-இல் பாரிஸில் தனியே நிறுவனம் தொடங்கி, கோட்டின் உள்ளே மறைந்திருக்க வேண்டிய தையலையும் லைனிங்கையும் வெளியே காட்டினார்.

இவர்களுடைய கோட்டில் தளர்வு என்பது அளந்து வைக்கப்பட்ட ஒன்று. புதிதாக வாங்குவோருக்கு நேரும் குழப்பங்களில் பெரும்பாலானவை, வடிவமைப்பாளர் திட்டமிட்டு விட்ட தளர்வையும் தன் உடம்புக்குப் பொருந்தாத சைஸையும் பிரித்தறியத் தெரியாததால் வருபவை. கீழே வரும் படிகள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இந்தப் பிரித்தறிதலுக்காகத்தான்.

முதல் படி: யாருடைய கத்தரி என்று அறிந்துகொள்ளுங்கள்

அவாங்கார்ட் என்றாலே தொளதொளப்பு என்று எண்ணிவிடக் கூடாது. யமமோதோவின் கோட்டு நீளமாகவும் தோளில் மென்மையாகவும் இருக்கும். பேடு மெல்லியதாகவோ இல்லாமலோ இருக்கும். துணி கழுத்திலும் தோளிலும் மட்டும் தாங்கப்பட்டுக் கீழே தன் எடையில் தொங்கும். அவருடைய கால்சட்டை அகலமானது, கவட்டுப் பகுதி தாழ்ந்தது. போரில் கணவரை இழந்து தோக்கியோவின் காபுகிச்சோ பகுதியில் தையற்கடை நடத்தி மகனைச் சட்டம் படிக்கவைத்த தாயிடம்தான் அவர் முதலில் தொழில் பழகினார் என்பது தெரிந்தால், அந்தத் தளர்வுக்குப் பின்னால் இருக்கும் தையற்காரரின் கணக்கு புரியும். கவாகுபோவின் கொம் தெ கர்சோன் நிறுவனத்தில் ஆண்களுக்கான வரிசைகளே பல உண்டு. 1978-இல் தொடங்கிய ஓம் (பிரெஞ்சில் ஆண் என்று பொருள்) அடக்கமானது. 1984-இல் தொடங்கிய ஓம் ப்ளஸ், ஸ்லீவை வெட்டுவதிலிருந்து கோட்டையே சுருக்கிக் கசக்குவதுவரை எதையும் செய்துபார்க்கும். 1987-இல் வந்த ஓம் தெ, அலுவலகம் போகிறவருக்கான சூட்டு.

அமெரிக்க வடிவமைப்பாளர் ரிக் ஓவன்ஸின் கோட்டோ இவற்றுக்கு நேரெதிர்: கைக்குழி, அதாவது ஸ்லீவைப் பொருத்தும் வளைவு, உயரமாகவும் இறுக்கமாகவும், ஸ்லீவ் ஒடுங்கி நீண்டு விரல்களின் அடிவரை வரும்படியும் இருக்கும். இன்னொரு அமெரிக்கரான தாம் பிரவுன் தைப்பது மரபான சாம்பல்நிறச் சூட்டையே குட்டையாக்கி, கணுக்கால் தெரியும்படி கால்சட்டையைச் சுருக்கிய வடிவம். மிலானில் வேலை செய்யும் ஆஸ்திரியரான கரோல் கிறிஸ்டியன் போயல் தைப்பவை விறைப்பானவை, உடம்பை ஒட்டியவை, விலையும் தலையைச் சுற்றவைப்பது. முதல் கோட்டுக்கு அவரை நான் பரிந்துரைக்க மாட்டேன். யோஜியின் ஆண்களுக்கான பூர் ஓம் வரிசையிலிருந்தோ கொம் தெ கர்சோன் ஓம் வரிசையிலிருந்தோ தொடங்குவதே நல்லது. அவை அளவில் ஓரிரு சென்டிமீட்டர் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும், தேடினால் கிடைக்கவும் செய்யும்.

பெயர்ப்பட்டியை மட்டும் நம்ப வேண்டாம். மார்ஜெலா தன் நிறுவனத்தை விட்டு விலகியது 2009-இல். அந்த ஆறு பெல்ஜியர்களில் ஒருவரான ஆன் டெமுல்மீஸ்டர் விலகியது 2013-இல். அதே பெயரில் இன்று வருபவை வேறு கைகளின் வேலை. யமமோதோவின் நிறுவனத்திலும் அடிடாஸுடன் சேர்ந்து வரும் வை-3 விளையாட்டு உடை வரிசை. கிரவுண்ட் வை விலை குறைந்த வரிசை. ஒரு விளம்பரத்தில் யோஜி என்ற பெயரைப் பார்த்ததும் அது எந்த வரிசை என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: இன்ச் டேப்பை எடுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள், பிறகு அதற்குத்தான் விலை கொடுக்கிறார்கள். சைஸ் எண்கள் இந்த உலகில் பெரிதாக உதவுவதில்லை. யோஜியில் 1 முதல் 5 வரை எண்கள். 3 என்பது ஏறக்குறைய மீடியம். மார்ஜெலா போன்ற இத்தாலிய முறையில் 48 என்றால் 96 சென்டிமீட்டர் மார்புக்கானது, அதாவது மார்பளவில் பாதி. கொம் தெ கர்சோனில் எஸ், எம், எல். இவை எதுவும் ஒரு குறிப்பிட்ட கோட்டு உங்கள் உடம்பில் எங்கே முடியும் என்று சொல்லாது.

ஆகவே உங்களிடம் ஏற்கெனவே இருக்கும், ஓரளவு நன்றாகப் பொருந்தும் ஒரு சாதாரணக் கோட்டைத் தரையில் மட்டமாக விரித்து நான்கு அளவுகளை எடுங்கள். முதுகுப் பக்கம் ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல்வரை. ஒரு கைக்குழியின் அடியிலிருந்து மறு கைக்குழியின் அடிவரை. தோள் தையலிலிருந்து ஸ்லீவின் விளிம்புவரை. காலருக்குக் கீழே முதுகின் நடுவிலிருந்து கோட்டின் அடிவிளிம்புவரை. ஜப்பானியப் பழைய உடைக் கடைகள் இதே நான்கையும் தவறாமல் எழுதுவார்கள்: கத்தஹபா, மிஹபா, சொதெதகே, கிதகே என்று இதே வரிசையில் அவற்றின் பெயர்கள். இந்த நான்கு சொற்களின் எழுத்துருவை மட்டும் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால், மொழி தெரியாமலே ஜப்பானியப் பட்டியல்களைப் படித்துவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் சாதாரணக் கோட்டின் அளவுகள் தோள் 44, மார்பு 53, ஸ்லீவ் 62, நீளம் 74 சென்டிமீட்டர் என்று கொள்வோம். இணையத்தில் ஒரு கபர்டீன் (நெருக்கமாக நெய்த கம்பளித் துணி) கோட்டு தோள் 48, மார்பு 60, ஸ்லீவ் 59, நீளம் 84 என்று வருகிறது. புதியவர் ஸ்லீவ் மூன்று சென்டிமீட்டர் குறைகிறதே என்று உடனே ஒதுக்கிவிடுவார். ஆனால் தோள் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சென்டிமீட்டர் இறங்கி நிற்பதால் ஸ்லீவும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பாதித் தோளையும் ஸ்லீவையும் கூட்டிப் பாருங்கள்: உங்கள் கோட்டில் 22-உம் 62-உம் சேர்ந்து 84, இதில் 24-உம் 59-உம் சேர்ந்து 83. வித்தியாசம் ஒரே சென்டிமீட்டர்தான். மார்பளவு வித்தியாசம் முழுச் சுற்றில் 14 சென்டிமீட்டர். இதுதான் வடிவமைப்பாளர் விட்ட தளர்வு. நீளத்தில் கூடுதலாக உள்ள 10 சென்டிமீட்டரும் அவர் தீர்மானித்ததே. இந்தக் கோட்டு உங்களுக்குச் சரியான சைஸ். தோள் 53 என்று இருந்திருந்தால் யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

தோளில் தையலே இல்லாமல் கழுத்திலிருந்து ஸ்லீவ் வெட்டப்பட்ட ராக்லன் வகைக் கோட்டில் தோளை அளக்க முடியாது. அப்போது கழுத்தின் பின்நடுவிலிருந்து ஸ்லீவின் முனைவரை உள்ள யுகிதகே என்ற அளவைக் கொடுப்பார்கள். மேலே நாம் கூட்டிப் பார்த்த தொகையைக் கிட்டத்தட்ட அதனுடன் ஒப்பிடலாம்.

கால்சட்டைக்கு இடுப்பு, கவட்டிலிருந்து இடுப்புப்பட்டிவரையான உயரம், உட்கால் நீளம், அடிவிளிம்பின் அகலம் ஆகிய நான்கும் வேண்டும். தாழ்ந்த கவட்டுள்ள கால்சட்டையில் உட்கால் நீளம் குறைவாகத்தான் இருக்கும். அதைத் தனியே பார்த்துப் பயப்பட வேண்டாம், கவட்டு உயரத்துடன் கூட்டிப் பாருங்கள்.

மூன்றாம் படி: துணி

யோஜி என்றால் கம்பளிக் கபர்டீன். மிக நெருக்கமாக, செங்குத்தான சாய்வரிகள் தெரியும்படி நெய்யப்படும் இந்தத் துணி கனமானது, வழுவழுப்பானது, மடித்தால் நீர்போல் விழுவது. ஒரு பழைய கபர்டீன் கோட்டைத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். தோளிலிருந்து அடிவரை இரண்டு மூன்று ஆழ்ந்த மடிப்புகள் செங்குத்தாக இறங்கும். அணிந்து நடக்கும்போது அந்த மடிப்புகள் ஒவ்வொரு அடிக்கும் இடம் மாறி, நின்றவுடன் மீண்டும் பழைய இடத்துக்கு வந்து சேரும். துணி மெலிந்திருந்தால் இந்த அசைவு வராது. வேட்டி கட்டிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஓரிடத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு மற்றெங்கும் தானாக விழும் துணி நடையை எப்படி மாற்றும் என்று அவர்கள் உடம்புக்கே தெரியும்.

கொம் தெ கர்சோனில் பாலியஸ்டரைப் பார்த்ததும் மட்டம் என்று முடிவுகட்ட வேண்டாம். வெப்பத்தில் ஒருமுறை பதித்த மடிப்பும் சுருக்கமும் நிலைத்து நிற்க அந்த இழை வேண்டும். கம்பளியில் அதே வேலையைச் செய்தால் நாளடைவில் தளர்ந்துபோகும். வெந்நீரில் சுருக்கிய கம்பளி, தைத்து முடித்தபின் முழுக் கோட்டையும் சாயத்தில் தோய்த்த துணி ஆகியவையும் இந்த நிறுவனத்தின் கைச்சரக்கு. பின்னால் சாயம் தோய்த்த கோட்டில் தையலின் இரு பக்கமும் துணி சிறிது சுருங்கிக் கொப்புளித்திருக்கும், சாயமும் அங்கே சீராக இராது. அது குறையன்று; அந்த முறையில் அப்படித்தான் வரும்.

வெயில் நாட்டில் வாழ்பவர்கள் கனத்த கபர்டீனை வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பதில் பொருளில்லை. மீட்டருக்கு 240 கிராம் அளவிலான ட்ராபிகல் என்னும் மெல்லிய கம்பளி, லினன், ரேயான் ஆகியவற்றில், லைனிங் இல்லாமலோ முதுகில் மட்டும் பாதி லைனிங் வைத்தோ தைத்த வசந்தகாலக் கோட்டுகளைத் தேடுங்கள். தளர்ந்த கோட்டுக்கு இங்கே ஒரு நன்மையும் உண்டு, உடம்பை ஒட்டாததால் உள்ளே காற்று ஓடும். லைனிங் இருந்தால் அது பாலியஸ்டரா கூப்ரோவா என்று பாருங்கள். பருத்திக் கழிவிலிருந்து எடுக்கும் இழையான கூப்ரோ வியர்வையை உறிஞ்சும்.

கறுப்பு என்பது ஒரே நிறமில்லை. ஒரு கறுப்பு நீலம் பாயும், இன்னொன்று பழுப்பு பாயும், வெயிலில் நாள்பட்டது தோளில் செம்மையடித்திருக்கும். இரண்டு வேறு பருவத்துக் கறுப்புகளை ஒன்றாக அணிந்து பொருத்தம் தேடுவதை விட, நெசவு வேறாக இருக்கும்படி, அதாவது வழுவழுப்பான கபர்டீன் கோட்டுக்குக் கீழே சொரசொரப்பான பருத்திக் கால்சட்டை என்று அமைத்துக்கொண்டால் நிற வேறுபாடு கண்ணை உறுத்தாது.

நான்காம் படி: எங்கே வாங்குவது

புதிய கோட்டு வாங்கப் பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுவனத்தின் சொந்தக் கடைக்கு ஒருமுறையாவது போய் அணிந்து பாருங்கள். தோக்கியோவின் அவ்யாமாவில் யோஜிக்கும் கொம் தெ கர்சோனுக்கும் பெரிய கடைகள் உள்ளன. கவாகுபோவின் நிறுவனம் 2004-இல் லண்டனில் தொடங்கிய டோவர் ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் பல வடிவமைப்பாளர்களின் உடைகளை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். அதன் கிளை தோக்கியோவின் கின்சாவிலும் இருக்கிறது. இந்தக் கடைகளில் வேலை செய்பவர்களே அதே உடைகளை அணிந்திருப்பார்கள். அவர்கள் காலரை எப்படி வைத்திருக்கிறார்கள், கால்சட்டை காலணியில் எங்கே முடிகிறது என்று கூச்சப்படாமல் கவனியுங்கள். எந்தப் புகைப்படமும் அவ்வளவு கற்றுத்தராது.

விலை பற்றி ஒளிக்க ஒன்றுமில்லை. யோஜியின் பூர் ஓம் வரிசையில் புதிய கோட்டு ஒரு லட்சம் யென்னுக்கு மேல்தான். அதே நிறுவனத்தின் பத்து, இருபது ஆண்டுக்கு முந்தைய கோட்டு, நல்ல நிலையில், அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும். ஜப்பானில் உடையைப் பேணி வைப்பவர்கள் அதிகம். பழைய உடைகளை நேர்மையாகத் தரம்பிரித்து விற்கும் ரேக்டேக் போன்ற கடைகளும் உண்டு. முதல் கோட்டைப் பழையதாக வாங்குவதே அறிவுடைமை என்பது என் கருத்து. பிடிக்காவிட்டால் ஏறக்குறைய வாங்கிய விலைக்கே விற்றுவிடலாம்.

ஜப்பானிய ஏல, விற்பனைத் தளங்கள் பலவும் வெளிநாட்டுக்கு நேரடியாக அனுப்புவதில்லை. பையீ, ஜென்மார்க்கெட் போன்ற இடைமுகவர்கள் உங்கள் சார்பில் வாங்கித் தங்கள் கிடங்கில் வைத்து, பிறகு உங்களுக்கு அனுப்புவார்கள். கோட்டின் விலையோடு முகவர் கட்டணம், ஜப்பானுக்குள் அனுப்பும் செலவு, வெளிநாட்டுத் தபால் செலவு, உங்கள் நாட்டுச் சுங்க வரி ஆகிய நான்கையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் மலிவா என்று சொல்ல முடியும். கனத்த கோட்டுக்குத் தபால் செலவே கணிசமாக வரும். திருப்பி அனுப்புவது பெரும்பாலும் நடக்காத காரியம். அமெரிக்காவின் கிரெய்ல்ட், பிரான்ஸின் வெஸ்டியேர் கலெக்டிவ் ஆகியவற்றில் விற்பவருடன் நேரடியாகப் பேசலாம். விலை சற்றுக் கூடுதலாக இருக்கும்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள் இவை: காலரின் உட்புறம், இரண்டு கைக்குழிகளின் உட்பக்க லைனிங், பையின் வாய்கள், ஸ்லீவின் விளிம்பு, கால்சட்டையானால் கவட்டின் உட்புறம், அதோடு துவைப்புக் குறிப்புப் பட்டி. அந்தப் பட்டி பல செய்திகளைச் சொல்லும். கொம் தெ கர்சோன் உடைகளில் ஏடி என்ற எழுத்துகளை அடுத்துத் தயாரித்த ஆண்டு அச்சிட்டிருக்கும். யோஜியின் பட்டியில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருக்கும்; அதன் நடுவில் ஜே என்றால் கோட்டு, பி என்றால் கால்சட்டை. வெவ்வேறு சூட்டின் கோட்டையும் கால்சட்டையையும் ஒரே சூட்டு என்று சொல்லி விற்கிறார்களா என்பதை இந்தக் குறியீடுகளின் மற்றப் பகுதிகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். மார்ஜெலாவின் பட்டியில் 0 முதல் 23 வரை எண்கள் அச்சிட்டு அதில் ஒன்றை வட்டமிட்டிருப்பார்கள். ஆண்களுக்கான முக்கிய வரிசைக்கு வட்டமிடப்படும் எண் 10.

அந்தும் பூச்சியும் அரித்த சிறு துளைகள் படத்தில் தெரியாது. துளை உண்டா என்று நேராகக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஐந்தாம் படி: அணிந்து பார்த்தல்

கடையிலோ, தபாலில் வந்த பிறகு வீட்டிலோ, கோட்டுக்குக் கீழே வழக்கமாக அணியும் சட்டையோடு முழு உயரக் கண்ணாடி முன் நில்லுங்கள். முதலில் பார்க்க வேண்டியது தோளை அல்ல, கழுத்தை. கோட்டு எவ்வளவு தளர்ந்ததாக இருந்தாலும் காலர் கழுத்தின் பின்புறத்தில் இடைவெளியில்லாமல் படிந்திருக்க வேண்டும். ஏனென்றால் முழு எடையும் அங்கிருந்துதான் தொங்குகிறது. காலர் விலகி வாய்பிளந்து நின்றால் அந்தக் கோட்டு உங்கள் முதுகின் வளைவுக்கு ஆகாது. வடிவமைப்பு அப்படித்தான் என்று யார் சொன்னாலும், காலரைப் பின்னோக்கிச் சரியவிட்டு வெட்டிய சில குறிப்பிட்ட கோட்டுகளைத் தவிர, நம்பாதீர்கள்.

அடுத்து மடிப்புகளின் திசை. செங்குத்து மடிப்பு தளர்வின் அடையாளம்; கைக்குழிக்குப் பின்னால் முதுகில் அப்படி ஒரு மடிப்பு இறங்கினால் நல்லது, கையை முன்னே நீட்ட அந்தத் துணி வேண்டும். பட்டனிலிருந்து இருபுறமும் இழுபட்டுக் கிளம்பும் கோடுகள் இறுக்கத்தின் அடையாளம். காலருக்குக் கீழே முதுகில் கிடையாக ஒரு சுருள் விழுந்தால் தோள்சரிவு பொருந்தவில்லை. கிடைக்கோடும் சாய்கோடும் சைஸின் குறை, நேர்க்கோடு வடிவமைப்பாளரின் விருப்பம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இதற்கு விதிவிலக்குகள் உண்டு, ஆனால் முதல் கோட்டுக்கு இது போதும்.

பிறகு கையைத் தூக்குங்கள், உட்காருங்கள், பையில் கை விடுங்கள், மாடிப்படி ஏறுங்கள். யோஜியின் கோட்டு நின்ற நிலையில் பார்ப்பதற்கன்று, நடையில் பார்ப்பதற்கானது. பின்பக்கத்தைப் படமெடுத்துத் தரச் சொல்லி ஒருவரைக் கேளுங்கள். முன்புறம் நன்றாக இருந்து முதுகில் கோணலாக நிற்கும் கோட்டுகள் ஏராளம்.

ஆறாம் படி: டெய்லரிடம் என்ன சொல்வது

நல்ல டெய்லருக்குத் தொளதொளத்த கோட்டைக் கண்டால் கை அரிக்கும். நீங்கள் ஸ்லீவை மட்டும் குறைக்கச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். அவர் உங்கள்மேல் உள்ள அன்பில் பக்கத் தையலையும் பிடித்து, காசு வாங்காமல் திருப்பித் தருவார். ஆகவே எதைச் செய்யக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள், ஒரு சீட்டில் எழுதிக் கோட்டிலேயே குத்திவிட்டாலும் தவறில்லை.

ஸ்லீவின் நீளம், கால்சட்டையின் நீளம், கால்சட்டையின் இடுப்பு ஆகிய மூன்றைத் தயங்காமல் மாற்றலாம். ஸ்லீவில் காஜா நிஜமாகவே வெட்டியிருந்தால் அடியிலிருந்து குறைக்க முடியாது, தோளிலிருந்து பிரித்துக் குறைக்க வேண்டும். அது கைதேர்ந்தவரின் வேலை, கூலியும் அதிகம். அதைவிட ஸ்லீவை ஒரு மடிப்பு மடித்துவிட்டுக்கொள்ளலாம், இந்த உடைகளில் அது வழக்கமே. தோளையும் மார்பையும் கோட்டின் நீளத்தையும் தொடாதீர்கள். அடியில் ஐந்து சென்டிமீட்டர் வெட்டினால் பைகள் தாழ்ந்து, பட்டனின் இடம் பொருந்தாமல், கோட்டு வேறொன்றாகிவிடும். வெட்டிய துணியை எல்லாம் கேட்டு வாங்கி வையுங்கள், பின்னால் துளை அடைக்க உதவும்.

புதுக் கோட்டில் பின்வெட்டின் மேல் குறுக்காகப் போட்டிருக்கும் நூல், பை வாயை மூடியிருக்கும் ஓட்டுத் தையல், ஸ்லீவின் வெளியே ஒட்டியிருக்கும் துணிப்பட்டி ஆகியவற்றை அணிவதற்கு முன் பிரித்தெடுக்க வேண்டும். மார்ஜெலாவின் கழுத்துக்குப் பின்னால் வெளியே தெரியும் நான்கு வெள்ளைத் தையல்கள் இந்தக் கணக்கில் சேராது. உள்ளே உள்ள வெள்ளைப் பட்டியைப் பிடித்திருப்பவை அவை. மடித்துத் தைக்காமல் விட்ட ஓரங்களையும் அப்படியே விட வேண்டும் என்று டெய்லருக்கும் டிரை கிளீனிங் கடைக்காரருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: அணிவது

முதல் சில வாரங்களுக்கு ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். தளர்ந்த கறுப்புக் கோட்டு, அதன் கீழே கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை, டை இல்லை, நேரான கால்சட்டை. யமமோதோவின் கடைகளில் நெடுங்காலமாகக் காணும் இந்த அமைப்பு அலுவலகத்துக்கும் போகும், விருந்துக்கும் போகும். கோட்டு பழகிய பிறகு அகலக் கால்சட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அகலக் கால்சட்டைக்குக் கனத்த காலணி வேண்டும். மெலிந்த தோல் காலணி அதன் கீழே காணாமல் போய், ஆள் மிதப்பதுபோல் தோன்றும். முனை உருண்ட, அடி தடித்த, கயிறு கட்டும் டெர்பி காலணி போதும். துணியின் விளிம்பு அதன்மேல் ஒரே ஒரு மடிப்பு விழும்படி நிற்கட்டும். உயரம் குறைந்தவர்கள் இந்த உடை தங்களுக்கில்லை என்று விலகத் தேவையில்லை. தொடையின் நடுவுக்குக் கீழே இறங்கும் கோட்டைத் தவிர்த்து, கோட்டும் கால்சட்டையும் ஒரே நிறத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் அகலம் உயரத்தைத் தின்னாது. உடம்பு பருத்தவர்களுக்கோ, இடுப்பைப் பிடிக்கும் மரபான கோட்டைவிட இது பல மடங்கு இதமானது. ஏன் இன்னும் அதிகம் பேர் இதன் பக்கம் வருவதில்லை என்பது எனக்கு விளங்காத ஒன்று.

சுருக்கத்தைக் கண்டு இஸ்திரிப் பெட்டியைத் தேடாதீர்கள். முழங்கை மடங்கும் இடத்தில் விழும் சுருக்கங்கள் கோட்டை உங்களுடையதாக்கும். பைகளையும் பயன்படுத்துங்கள், கையை விட்டுக்கொண்டு நடங்கள். பல கோட்டுகளில் பையின் இடமே அதற்காகத் தாழ்த்தி வைக்கப்பட்டது.

எட்டாம் படி: பேணுவது

அணிந்து கழற்றியதும் தோள் அகலமுள்ள மர ஹேங்கரில் மாட்டி ஒரு நாள் காற்றாட விடுங்கள். கம்பிக் ஹேங்கர் தோளில் கூம்பு கூம்பாக முட்டு விழவைக்கும். மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டினால் கபர்டீனுக்குப் பாதி வேலை முடிந்தது. டிரை கிளீனிங்குக்குப் பருவத்துக்கு ஒருமுறை போதும், அடிக்கடி போனால் கம்பளி தன் எண்ணெய்ப்பசையை இழந்து வறண்டுவிடும். இஸ்திரி போட்டே ஆக வேண்டுமென்றால் மேலே ஈரப் பருத்தித் துணி விரித்துத்தான் போட வேண்டும். கபர்டீனில் நேரடியாகச் சூடு பட்டால் மினுமினுப்பு ஏறும், அது எளிதில் போகாது. ஓம் ப்ளஸின் கசங்கிய பாலியஸ்டருக்கு இஸ்திரியே கூடாது.

ஈரக்காற்று நிறைந்த ஊர்களில் பூச்சியைவிடப் பூஞ்சணமே பெரிய பகை. பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பருத்தி உறையில் போடுங்கள், அலமாரியில் சிலிக்கா ஜெல் வையுங்கள், மழைக்காலம் முடிந்ததும் நிழலில் உலர்த்துங்கள். பழையதாக வாங்கிய கம்பளி உடையை மற்றவற்றுடன் சேர்ப்பதற்கு முன் நன்றாகப் பிரஷ் செய்து, பிளாஸ்டிக் பையில் கட்டி உறைபெட்டியில் ஓரிரு வாரம் வைத்தால் பூச்சி முட்டை இருந்தாலும் அழியும்.

இரண்டாவது கோட்டை முதல் கோட்டின் அளவுகள் கையில் இருக்கும்போதே தேடத் தொடங்கலாம், ஆனால் முதலாவதை ஒரு பருவம் முழுக்க அணிந்த பிறகு வாங்குங்கள். தோள் இன்னும் ஒரு சென்டிமீட்டர் ஏறியிருக்கலாம், நீளம் சற்றுக் குறைந்திருக்கலாம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்தத் திருத்தங்களோடு நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி, இன்ச் டேப்போடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.